எத்தனாவது பக்கம்?

"இதுல முத்தம் எத்தனாவது பக்கத்துல வருது?"

நூலகர் நிமிர்ந்து பார்த்தாள். மேசைக்கு எதிரே நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, இஸ்திரி கலையாத சட்டை, சிரித்துப் பழக்கமில்லாத முகம். ஒரு கையில் காதல் நாவல், மறு கையில் சின்ன நோட்டும் பேனாவும்.

வந்துவிட்டார், என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில்தான் பக்கத்துக் கிளை நூலகத்திலிருந்து தோழி போன் செய்திருந்தாள். "தலைமை அலுவலகத்துல இருந்து ஒரு ஆள் சொல்லாம கொள்ளாம வர்றாருடி. காதல் கதையும் மாயாஜாலக் கதையும் ஜனங்களைக் கெடுக்குதுன்னு யாரோ புகார் எழுதிப் போட்டிருக்காங்க. போன வாரம் எங்க அலமாரியையே காலி பண்ணிட்டாங்க. பார்த்து இருந்துக்கோ."

இந்த அலமாரி, எட்டு வருஷமாக அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'முதல் முப்பது பக்கம் பொறுத்துக்கொள்ளவும். அப்புறம் கீழே வைக்க முடியாது.' 'சண்டை போட்ட அன்று கணவனும் மனைவியும் மாற்றி மாற்றிப் படிக்கலாம்.' சீட்டைப் படித்துவிட்டுத்தான் பலர் புத்தகத்தையே புரட்டுவார்கள்.

"முத்தமா? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்," என்றாள். "ரொம்பக் கண்ணியமான கதை."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல சார்."

அவர் முகம் இன்னும் இறுகியது. நாவலை மேசையில் வைத்தார். "அப்ப இது ஆகாது. மாயாஜாலக் கதை இருக்கா? பெரியவங்க படிக்கிற மாதிரி."

அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் சீட்டைப் படித்தார். 'கதாநாயகி மூன்று முறை சாவின் விளிம்புவரை போவாள். தைரியமாகப் படிக்கவும்.'

"அந்த மூணும் எந்தெந்தப் பக்கம்?"

"முப்பத்தெட்டு, தொண்ணூறு, அப்புறம் கடைசிக்கு முந்தின அத்தியாயம்." பழக்க தோஷத்தில் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"ஏழு வயசுக் குழந்தைக்கு ஒரு படக்கதை."

அம்மாவைத் தொலைத்த வாத்துக்குஞ்சின் கதையைக் கொடுத்தாள். அவர் படம் படமாகப் புரட்டினார். "அம்மா எப்பக் கிடைக்குது?"

"கடைசிப் பக்கத்துல சார்."

"அதுவரைக்கும் குஞ்சு அழுதுகிட்டேவா இருக்கும்?"

"இல்ல சார், நடுவுல ஒரு ஆமை சிநேகமாயிடும்."

அதையும் எழுதினார். பேனா நிற்கவே இல்லை. வாத்துக்குஞ்சிலுமா ஒருத்தர் குற்றம் கண்டுபிடிப்பார்? அவளுக்கு இப்போது பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அலமாரி எப்படியும் போகப்போகிறது. போவதற்கு முன்னால் அதன் பக்கம் நின்று ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும். மேசையில் கிடந்த நாவலை எடுத்தாள்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். இதுல முத்தம் இருக்கு. நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். ஒரே ஒரு முத்தம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு பேரும் படுற பாடு இருக்கே, அதைப் படிச்சு யாரும் கெட்டுப்போக மாட்டாங்க சார். கொஞ்சம் நல்லவங்களாத்தான் ஆவாங்க. இதைத் தூக்கிப் போடணும்னு எழுதுறதா இருந்தா, என்னையும் சேர்த்து எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டு நாவலை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் பேனாவை மூடினார். "புத்தகத்தை எதுக்கு மேடம் தூக்கிப் போடணும்?"

"நீங்க... தலைமை அலுவலகத்துல இருந்து வந்தவர்தானே?"

"நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன். டயாலிசிஸ் வார்டுல நர்ஸ்."

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணீரும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"அப்ப, எந்தப் பக்கம் எந்தப் பக்கம்னு எதுக்கு சார் இப்படிக் குடைஞ்சீங்க?"

"வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம் மெஷின்ல படுத்திருக்கணும் மேடம். நோயாளிங்க மனசு விட்டுப்போயி பாதியிலயே நின்னுடுறாங்க. காதல் கதை கேட்டவர் ஒரு லாரி டிரைவர், அறுபத்திரெண்டு வயசு. 'போதும்ப்பா, இனிமே வரலை, ஆனது ஆகட்டும்'னு வீட்டுலயே படுத்துட்டாரு. நேரா அவர் வீட்டுக்குப் போயி ஒரு கதையை வாசிச்சேன். முத்தம் வர்றதுக்கு முந்தின வரியில புத்தகத்தை மூடிட்டு, மிச்சம் வார்டுலதான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ரெண்டு மாசமா கதை மேல கதையா வாசிக்கிறேன், ஒரு நாள்கூட வரத் தவறலை மேடம். முந்தாநாள் ஊசி குத்தறதுக்கு முன்னாடியே 'அப்புறம் என்னப்பா ஆச்சு'ன்னு கேட்டாரு."