ஊனுடம்போடு வந்தவள்

செக்கடித் தெருவுக்குப் பல நாளாகக் குடிநீர் வரவில்லை. தெருவார் ‘மக்கள் இயக்கம்’ ஒன்றைத் தொடங்கி, தத்தம் சாயலில் வெறும் ஒளியாலான ‘ஹாலோகிராம்’ ஒளியுருக்களைக் குடிநீர் அலுவலக வாசலுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் இளைப்பாறினர். ஒளியுருக்கள் வெயிலில் வாடாது முழங்கின. பொறியாளர் வேதமூர்த்தியோ நாள்தோறும் வெறுங்காற்றைக் கடப்பவரைப்போல் அவற்றினூடே நடந்து காரில் ஏறிச் சென்றார்.

அன்று மாலையும் அவ்வாறே நடந்தவர், எதன்மீதோ மோதித் தடுமாறினார். வாசற்படியை அடைத்தபடி செக்கடித் தெரு மங்கையர்க்கரசி காலிக் குடத்துடன் அமர்ந்திருந்தாள்.

“நிஜ ஆளாம்மா நீ?”

“இடிச்சீங்களே, தெரியல? என் ஒளியுரு ரிப்பேரு சார். அதான் நானே வந்துட்டேன்.”

“கொஞ்சம் நகரும்மா, வீட்டுக்குப் போகணும்.”

“தண்ணி வரட்டும், நகர்றேன்.”

அவள் அலைபேசியில் அண்டை வீட்டுக்காரியை அழைத்தாள். “சுலோச்சனாக்கா, உங்களுக்குள்ள பூந்து போறவரு என்னைத் தாண்ட முடியாம நிக்கிறாரு! எல்லாரையும் கூட்டிக்கிட்டு நேர்ல வாங்க.”

சற்று நேரத்தில், வியர்த்தும் மூச்சிரைத்தும் ஒருவரையொருவர் வைதுகொண்டும் தெருவே திரண்டு வந்தது. வேதமூர்த்தி தம் அலைபேசியில் வால்வு ஊழியரை அழைத்து அலறினார்:

“யோவ், வால்வைத் திறய்யா! இது மக்கள் இயக்கம் இல்லய்யா, மக்களே வர்றாங்க!”