ஒரே ஒரு சிவப்புப் புள்ளி

தேனி அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, ஏபிஐ என்ற கணினி இணைப்பு வழியாக ஒரே உத்தரவில் கோம்பை ஊரின் கிணற்று மோட்டார்களை இயக்கும் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் புது சாஃப்ட்வேரை அனுப்பியிருந்தான் வினோத்ராஜ். திரையில் பதினொன்று பச்சை. உமாதேவியின் பெட்டி மட்டும் சிவப்பு.

"இதுகளுக்கெல்லாம் பட்டன் போனே அதிகம்" என்று முனகிக்கொண்டு மறுநாளே பைக்கில் வந்து இறங்கினான். காலையிலிருந்து ஓயாமல் வந்த விவசாயிகளின் அழைப்புகளைச் சைலன்ட்டில் போட்டிருந்தான்.

கிணற்றடியில் உமாதேவியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கெல்லாம் குழாய் போனது. நாலைந்து பேர் முறைக்காகக் காத்து நின்றார்கள்.

பெட்டியைத் திறந்தான்.

"சிம் எங்கக்கா?"

"நாந்தான் கழட்டி மேல வச்சேன் தம்பி. எதுக்குன்னா..."

"சிம் இல்லாம அப்டேட் எப்படி ஏறும்? ஆடு மேய்க்கிறவுககிட்ட மிஷினக் குடுத்தா இப்படித்தான்!"

"ஒரு வார்த்தை கேளு தம்பி..."

"படிச்சவன் நானா, நீங்களா?"

தடுக்க வந்த கையை விலக்கி, சிம்மைச் செருகினான். அவன் போனில் சிவப்புப் புள்ளி பச்சையானது.

"பாத்தீகளா! பன்னெண்டும் முடிஞ்சது."

மோட்டார் நின்றது. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டி ஓய்ந்தது.

"நேத்து நீ அனுப்புனது ஏற ஏற, பதினோரு தோட்டத்து மோட்டாரும் வரிசையா நின்னுபோச்சு. அதப் பாத்துத்தான் சிம்மக் கழட்டுனேன்" என்ற உமாதேவி, கிணற்றடி வாளியை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"படிச்ச ராசா, எறச்சு ஊத்து. பன்னெண்டு தோட்டம்!"