சோளம் திருப்பும் நேரம்

பரிபூரணத்தின் வீட்டு உள்ளறையில் தரை முழுக்க முளைவிட்ட சோளம் பரந்து கிடக்கிறது. சன்னல் வழியே நாலுமணி வெயில் அதன்மேல் சாய, ஈரத்திலிருந்து வெள்ளரிப்பிஞ்சு வாசம் எழுகிறது. அவள் கணவர் தவசிமுத்து மண்டிபோட்டு, விரல்களை விரித்துச் சோளத்தைக் கிளறித் திருப்புகிறார். பெங்களூர் பீர் கம்பெனியில் முப்பது வருஷம் பார்லியை முளைகட்டிய கை அது. பொங்கலுக்கு மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துபோனவர், ஓய்வுபெற்று வந்து இரண்டு மாதம் ஆகிறது. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், அவ்வளவுதான் பேச்சு. "இம்புட்டும் யாருக்கு?" என்று வாசல்நிலையில் நின்று கேட்கிறாள். "கறுப்பு பீருன்னா இதக் காப்பிக்கொட்டை மாதிரி கருக்கணும். வெளுத்த பீருக்கு லேசா சூடு காட்டுனாப் போதும்" என்கிறார். கேட்டதற்கு அது பதிலில்லை. ஒரு மணியை எடுத்துச் சுவரில் தேய்த்துப் பார்க்கிறார். சாக்பீஸ் போல வெள்ளைக்கோடு விழுந்தால் பக்குவம் வந்துவிட்டது. விழவில்லை. மறுபடி குனிகிறார். "விட்டா வேரு பின்னிக்கிடும். ஏலே சேவியரு, அந்தப் பக்கம் நீ திருப்பு" என்கிறார், நிமிராமலே. சேவியர், கம்பெனியில் அவருக்கு எதிரே மண்டிபோட்டு பார்லி திருப்பிய கூட்டாளி. இத்தனை உரிமையாக அவர் தன்னைக் கூப்பிட்டதாகப் பரிபூரணத்துக்கு நினைவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் மண்டிபோடுகிறாள். சோளத்துக்குள் விரல்களை விடுவதற்கு முன், வளையல்களை முழங்கைப் பக்கம் இறுக ஏற்றிக்கொள்கிறாள். சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்துவிடக் கூடாது.