பதில் சொல்லாத களஞ்சியம்

“டீ எங்கயும் ஓடிப் போயிடாது சிமியூ, முதல்ல வந்து உட்காரு! போட்டிக்கு நேரமாச்சு” என்று மேசையைத் தட்டினான் ஒடோங்கோ. லினக்ஸ் மன்றத்தின் செயலாளன் அவன்.

பிள்ளையை அணைப்பது போல் ஃபிளாஸ்கை அணைத்துக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தான் சிமியூ. விடுதியில் தண்ணீர் சுட வைக்கும் காயிலைக் கண்டால் வார்டன் பறித்துக்கொள்வார். ஆகவே அவனுடைய காயில், ஜக், தேயிலை மூன்றும் கணினி லேபில் தலைமறைவு வாழ்க்கை நடத்தின.

எல்டொரெட் நகரத்து மதிய மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அதைவிடப் பெரிய சண்டை.

லினக்ஸில் ஒரு புது நிரலை நிறுவ வேண்டுமென்றால், கணினி ஏதாவது ஒரு களஞ்சியத்துக்குப் போய் எடுத்து வரும். எந்தக் களஞ்சியம் என்று நாம்தான் கை காட்ட வேண்டும். ஐரோப்பாவில் இருக்கும் பெரிய களஞ்சியமா? அதை அப்படியே நகலெடுத்து, கல்லூரிக்குள்ளேயே மன்ற உறுப்பினர் செலகத் நடத்தும் களஞ்சியமா? விடுமுறையில்கூட ஊருக்குப் போகாமல், ஒரு கிழட்டுக் கணினிக்கு உயிர் கொடுத்து அதை அமைத்திருந்தாள் அவள். சிமியூவைப் போன்றவர்கள் கை படக் கூடாதென்று எங்கோ உயரத்தில் ஒளித்தும் வைத்திருந்தாள்.

ஜெயிக்கிற களஞ்சியத்துக்கு லேபே மாறும். ஜெயிக்கிறவர் கைக்கு லேப் சாவி. தோற்றால் செலகத்தின் கணினி காயலான் கடைக்கு.

சாவி கிடைத்தால் நினைத்த நேரத்தில் டீ போடலாம். இதைவிட உயர்ந்த லட்சியம் சிமியூவுக்குத் தெரியாது. ஆகவே அவன் ஐரோப்பாக் கட்சி.

“விதி ஞாபகம் இருக்குல்ல?” என்றாள் செலகத். “ரெண்டு கம்ப்யூட்டர். ஒரே நிரல், படம் வரையறது. முடியற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. முக்கியமா நீ. நீ எழுந்தா ஏதாவது ஒண்ணு உடையும்.”

“உத்தரவு மகாராணி.”

ஒடோங்கோ கையைத் தட்டினான். இருவரும் ஒரே நேரத்தில் விசையை அழுத்தினார்கள்.

சிமியூவின் திரையில் ஐரோப்பா அசைய ஆரம்பித்தது. அசைந்தது என்பதுகூடக் கொஞ்சம் மரியாதைக்காகத்தான்.

“என்னடா இது, நத்தைக்குக் கால் சுளுக்கின மாதிரி போகுது?” என்றது பின்வரிசை.

“கடல் தாண்டி வரணும்ல? உங்கப்பன் நைரோபியிலேருந்து வர்றதுக்கே நாள் பூரா ஆகுது” என்றான் சிமியூ.

அப்போதுதான் எல்லோரும் செலகத்தின் திரையைப் பார்த்தார்கள். அதில் ஒரே ஒரு வரி: களஞ்சியம் பதில் தரவில்லை.

அவள் மறுபடி அழுத்தினாள். பதில் இல்லை.

“காலைல நல்லா ஓடிச்சே!”

“காலைல எல்லாருமே நல்லாத்தான் ஓடுவோம்” என்றான் சிமியூ. “மத்தியானம் சாப்பிட்டதும் படுத்திருக்கும். நம்ம ஊர் சரக்காச்சே.”

லேப் முழுக்கச் சிரித்தது. செலகத் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“ஒரு நிமிஷம், போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

“உட்காருங்க அம்மணி! யாரும் எழுந்திருக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? பேய் வந்து சொல்லிச்சா?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கரண்ட்டு போயிருக்குமோ?” என்றான் ஒடோங்கோ, அவளுக்காக.

“அண்ணாந்து பாரு செயலாளரே. தலைக்கு மேல டியூப்லைட்டு உன் வழுக்கையைக்கூடக் காட்டிக் கொடுக்குது.” சிமியூ நாற்காலி மேல் ஏறி நின்றான். “நண்பர்களே! ஒரு பெட்டியை ஒழுங்கா ஓட விட நம்மாளுங்களுக்குத் தெரியாது. யாராவது எதையாவது நோண்டுவான், எதையாவது பிடுங்குவான், அப்புறம் எனக்குத் தெரியாதும்பான். ஐரோப்பாவைப் பாருங்க. ஆமைதான், ஒத்துக்கறேன். ஆனா ஆமை வீடு வந்து சேரும்!”

ஒருவழியாக ஆமை வந்து சேர்ந்தது. படம் வரையும் நிரல் திறந்தது. கைதட்டல். ஓட்டெடுப்பில் எல்லாக் கைகளும் ஐரோப்பாவுக்கே உயர்ந்தன. செலகத்தின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. ஒடோங்கோ பெருமூச்சு விட்டு, சாவியை சிமியூவிடம் நீட்டினான்.

வென்றவனுக்குப் பெருந்தன்மை தானாக வந்துவிடுகிறது. ஃபிளாஸ்கைத் திறந்து முதல் கோப்பையை நிரப்பி செலகத்திடம் கொடுத்தான். பொட்டலத்தைப் பிரித்து, எண்ணெயில் பொரித்த மண்டாசி ஒன்றைத் தன் வாயில் திணித்துக்கொண்டு, இன்னொன்றை அவள் முன் வைத்தான்.

“மனசுல வச்சுக்காதே தாயே. குடி.”

ஒரு வாய் குடித்தவள் நிமிர்ந்தாள். “நல்லாத்தான் இருக்கு. எங்க போட்டே? விடுதிலயா?”

“விடுதிலயா? வார்டன் என்னையும் சேர்த்துல்ல கொதிக்க வைப்பாரு! இங்கதான், பின்னறைல. அங்க இருக்கறதே ஒரு பிளக்கு. அதுலயும் எவனோ ஒரு கறுப்பு வயரைச் சும்மா சொருகி வச்சிருந்தான். அலமாரிக்கு மேல எங்கயோ போகுது, எதுக்குன்னே தெரியல. அதைப் பிடுங்கிட்டுத்தான் காயிலைச் சொருகினேன்.”

பின்வரிசை முழுக்கப் பின்னறைப் பக்கம் திரும்பியது.

செலகத் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். கறுப்பு வயரை மறுபடி சொருகிவிட்டு, ஒரு கையில் காயிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவள், விசையை அழுத்திவிட்டு மறு கையைச் சாவிக்காக நீட்டினாள். சிமியூ வாயிலிருந்த மண்டாசியை விழுங்கி முடிப்பதற்குள் அவளுடைய திரையில் படம் வரையும் நிரல் வந்து இறங்கியிருந்தது.