சம்பந்தி போடும் மழைக்கோட்டு

அயர்லாந்துக்கு வரச்சொல்லி மகள் கோமதி அனுப்பியிருந்த பெட்டி, துணிகளைத் தானே பார்த்து அடுக்கும். அங்கே ஒரே நாளில் வெயிலும் மழையும் நாலு முறை மாறுமாம். அதனால் கம்பளிச் சட்டையைக் கைக்கெட்டும்படி மேலே வைத்தது, வேட்டிகளைக் குறைத்தது. நான் புதிதாக வாங்கிய மழைக்கோட்டை மட்டும் வெளியே தள்ளிவிட்டது.

“இது வேண்டாம் ஐயா. உங்கள் அளவில் ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது” என்றது பெட்டி.

“யாருடையது?”

“சம்பந்தி சிதம்பரதாணு போட்டுக்கொள்கிறார்.”

மூன்று மாதமாக அவர் அங்கேதான் இருக்கிறார். பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர் அவர். கோமதி போனில் பேசினால் வாய்க்கு வாய் ‘மாமா’தான்.

“அவர் கழற்றிப் போட்டதை நான் போடுவதா? எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை.”

“உங்களுக்காக வாங்கியதுதான் ஐயா. ஐந்து வருடம் சும்மா தொங்கியது.”

சம்பந்தி வீட்டார் நேரில் வந்து முறையாக அழைக்கவில்லை என்று அந்த ஐந்து வருடமும் நான் போகவில்லை. அவர் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை.

“கோமதியிடம் சொல்லு. விமான நிலையத்துக்கு அங்கே இருக்கும் என் கோட்டை எடுத்துக்கொண்டு வரட்டும்.”

“அப்பம் அவுக நனையணுமாக்கும்?” என்றாள் என் மனைவி பிரமு.

புதுக் கோட்டின் ஓரத்தில் மஞ்சள் தடவி, மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி மறுபடியும் தள்ளியது.

“சம்பந்திக்கு நாங்கள் செய்யும் சீர்” என்றேன்.

அதன் பிறகு தள்ளவில்லை.