கால் வராத கடை

செருப்புக்கடைக்காரர் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே, வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில், அட்டைப்பெட்டிமேல் சாய்ந்து நிற்கிறது கைப்பேசி. வட்ட விளக்கின் வெளிச்சம் அவர் வழுக்கையில் வழிகிறது. நேரலையில் விற்றால்தான் இனிப் பிழைப்பு என்று மனைவி சொல்லிவிட்டாள். கறுப்புச் செருப்பைத் தூக்குகிறார், வளைக்கிறார், கீழே வைக்கிறார், மறுபடி தூக்குகிறார். மடியில் விரித்த துண்டு மட்டும் பழக்கதோஷத்தில் யாராவது ஒருவரின் காலுக்காகக் காத்துக் கிடக்கிறது. "என்னங்க, எதாச்சும் பேசுங்க. பாக்கறதே நாலு பேரு, அதுல ஒருத்தன் என் தம்பி" என்கிறாள் பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் மனைவி. "காலே இல்லாம என்னத்தப் பேசறது?" கண்ணாடிக் கதவு கிறீச்சிடுகிறது. பழைய வாடிக்கையாளரான பெரியவர் ஒருவர் வந்து, கைப்பேசிக்குப் பக்கத்தில் அமர்ந்து காலை நீட்டுகிறார். கடைக்காரரின் கை தானாகவே அதை ஏந்தித் துண்டில் வைத்துக்கொள்கிறது. "ஐயா, உங்களுக்குச் சுண்டுவிரல் நெருக்குமே. இது அகலம், போட்டுப் பாருங்க." வாய் மடை திறந்த மாதிரி ஓடுகிறது. மனைவி சத்தமில்லாமல் கைப்பேசியை எடுத்து அந்தக் காலுக்கு நேரே பிடிக்கிறாள். திரையில் கேள்விகள் குவிகின்றன. "எதுக்கும்மா என் கால படம் புடிக்கிற?" பெரியவர் வெடுக்கென்று காலை இழுத்து, பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு வெளியேறுகிறார். கேள்விகள் நிற்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவர் மடியில் தன் காலை வைக்கிறாள். "ம், பேசுங்க." அலமாரியை நோக்கிப் போன கடைக்காரரின் கை, எந்த அளவை எடுப்பது என்று தெரியாமல் பாதியில் நிற்கிறது.