பேட்டரி இறங்கிய காரணம்

மூன்றாம் நாளாக அந்தப் பேசும் மின்சாரக் கார் கிளம்பவில்லை. எதிர்வீட்டு ஹெப்சிபாதான் சார்ஜைத் திருடுகிறாள் என்று வசுந்தரா பார்க்கிங்கில் குடியிருப்பையே கூட்டிவிட்டாள்.

"எல்லாரும் கேக்கட்டும், சொல்லு! பேட்டரியை யாரு காலி பண்றது?" என்று பானெட்டில் ஓங்கித் தட்டினாள்.

காருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "திருட்டில்லை, அம்மா. ஐயா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கே வந்து, எட்டரை வரை ஏசி போட்டு உள்ளேயே தனியாக உட்கார்ந்திருக்கிறார்."

ஆபீசில் வேலை அதிகம் என்று தினமும் சொல்லும் கணவன் தணிகை தலைகுனிந்தான்.

"மேல வரவே பயம் போலருக்கு அக்கா, பாவம்!" என்றாள் ஹெப்சிபா. கூட்டத்தில் ஒருவரும் நகர்கிற வழியாக இல்லை.

வசுந்தராவுக்கு முகம் கறுத்தது. "இந்தச் சனியனை இன்னிக்கே வித்துடுங்க!"

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதன்முதலாகத் தணிகை எதிர்த்துப் பேசினான்.

"வேணும்னா வீட்டை வித்துடலாம்."